பனிச்சறுக்குப் பறப்பும் ஒரு மாப்பிள்ளைக் கோட்டும்

ரங்கூனின் பபேடான் பேட்டை இருபத்தேழாம் தெருவில், தையல்காரர் பர்கத்துல்லா தைத்த சட்டையை யார் போட்டுக்கொண்டு போனாலும் பின்னாலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். முதலில் ஆள் திரும்புவார், அப்புறம் சட்டை திரும்பும். தோள் தையல் தோளில் நிற்காமல் கைப்பக்கம் இறங்கி வந்திருக்கும். கையை மடித்து விடாவிட்டால் விரல் வெளியே தெரியாது. கேட்டால், "கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன்" என்பார். அந்தத் தாராளம் எல்லா இடத்திலும் இரண்டு அங்குலம். டேப் முப்பத்தாறு என்று காட்டினால் நோட்டில் முப்பத்தெட்டு என்று எழுதிப் பழகிய கை.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். மிஞ்சிய துணியில் தலையணை உறை தைத்துக்கொள்ளும் தையல்காரர்கள் நிறைந்த அந்தத் தெருவில், கொடுத்த துணி முழுவதையும் சட்டையாகவே திருப்பித் தந்த ஒரே ஆள் அவர்தான். அதனால் இருபது வருஷமாகக் கடை ஓடியது. திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள், அடுத்த பெருநாளுக்குத் திட்டிக்கொண்டே துணியோடு வருவார்கள்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1989-இல், மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த இடுக்கில் கடை போட்ட முதல் மாதம், பக்கத்துப் பேட்டையான கியாக்டடாவில் ஓர் அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தாவுக்கு மேல்கோட்டு தைத்தார். அப்போதெல்லாம் அவர் அளவென்றால் அளவு, நூலளவு பிசகாது. குமாஸ்தா தன் மகள் கல்யாணத்தில், வந்த பெரியவரைக் கும்பிடக் குனிந்தார். முதுகுத் தையல் மேலிருந்து கீழ்வரை விட்டுக்கொண்டது. கல்யாண வீட்டில் அந்த மனிதர் சுவரோடு சுவராக நின்றே மீதிப் பொழுதைக் கழித்தாராம். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து பர்கத்துல்லாவுக்கு இறுக்கமான துணியைக் கண்டாலே பயம். மனிதர் எந்த நேரத்தில் குனிவார், எந்த மாதத்தில் பருப்பார் என்று யார் கண்டது?

அவர் மகள் ஹுஸ்னாவுக்கு 2009 டிசம்பரில் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை முஜிபுர் ரஹ்மான், நகரின் கிழக்கே பசுந்தாங்கில் மசாலாக் கடை வைத்திருந்த ரஹீமா என்கிற விதவையின் ஒரே மகன். நல்ல பையன், அமைதியானவன், அம்மா சொல்லைத் தட்டாதவன். மார்ச் கடைசி ஞாயிறு நிக்காஹ் என்று தேதி குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு உடுப்பு கொடுக்க வேண்டியது பெண் வீட்டு வழக்கம். பெண்ணைப் பெற்றவர் தையல்காரராகவே இருந்துவிட்டால் அந்தக் கோட்டை யார் தைப்பது என்று கேட்க என்ன இருக்கிறது? பர்கத்துல்லா சாம்பல் நிறத்தில் நல்ல கோட்டுத் துணியாகப் பார்த்து வாங்கி, கடை அலமாரியின் மேல்தட்டில் காகிதம் சுற்றி வைத்துவிட்டார். தினமும் ஒரு தடவை காகிதத்தைப் பிரித்துத் தடவிப் பார்த்துவிட்டு மூடுவார்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, ஹுஸ்னா வேலை விட்டு வந்து கடை வாசலில் நின்றாள். சூலே பகோடா பக்கம் ஒரு பிரதி எடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. கன்னத்தில் காலையில் அரைத்துப் பூசிய தனக்காப் பட்டைக் குழம்பு வியர்வையில் பாதி அழிந்திருந்தது. கொஞ்ச நேரம் காஜா ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தா, மாப்பிள்ளை கோட்டை மட்டும் நீங்க தைக்க வேணாம். கியாக்டடாவுல ரெடிமேடா வாங்கிடலாம்."

"ஏம்மா?"

"உங்களுக்கே தெரியும் அத்தா. என் கூட வேலை பாக்குறவங்க எல்லாம் வருவாங்க. போட்டோ எடுப்பாங்க."

"சரிம்மா" என்றார் பர்கத்துல்லா. மிஷின் மேல் உறையைப் போட்டார், கடையைப் பாதி சாத்தினார், எதிரே கோ சான் வின்னின் தேநீர்க் கடைக்குப் போய் ஒரு லப்பெயே தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மனசு வலித்தது. இருபது வருஷமாகத் தெருவே சொல்லிச் சிரித்ததுதான், அதெல்லாம் சட்டையில் ஒட்டிய நூல் மாதிரி, தட்டிவிட்டால் போச்சு. மகள் சொன்னது அப்படித் தட்டிவிடுகிற விஷயமாக இல்லை.

தேநீர்க் கடையின் டிஷ் ஆன்டெனா அந்தத் தெருவின் பெருமை. சனி ஞாயிறு சாயங்காலமானால் கால்பந்துக்காகக் கூட்டம் நெரியும். அன்றைக்கு ஆட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. டிவியில் வேறெதுவோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வெள்ளை மலை. அதன் உச்சியில் ஒரு கம்பின் மேல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். காலில் அவனைவிட நீளமான இரண்டு பலகைகள். திடீரென்று கம்பை விட்டான், சரிவில் ஓடி வந்தான், விளிம்பில் பாய்ந்தான், அப்புறம் விழவேயில்லை. காற்றின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான்.

"இது என்ன கூத்து?" என்றார் பர்கத்துல்லா.

பக்கத்து நாற்காலியில் இருந்த மாரிச்சாமிக்கு இதெல்லாம் அத்துப்படி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர், மூன்று மொழியில் எழுத்து தெரியும் என்பதால் டிவியில் ஓடும் எழுத்துகளுக்கெல்லாம் அவர்தான் பொழிப்புரை. "பனிச்சறுக்குப் பறப்பு, பாய். சும்மா தாண்டுறது வேற, அதுக்குச் சின்ன மலை. இது பறக்குறது. இருநூறு மீட்டர் போவானுங்க. இவ்வளவு பெரிய மலை உலகத்துலயே நாலஞ்சுதான் இருக்காம். இன்னிக்கு ஆஸ்திரியாவுல. மாசக் கடைசியில ஜெர்மனியில. மார்ச்சுல ஸ்லோவேனியாவுல பிளானிட்சான்னு ஒரு ஊரு, அதோட சீசன் முடிஞ்சிடும்."

பர்கத்துல்லா அதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். அவர் கண் ஆளையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை, உடுப்பைப் பார்த்தது. பறந்து முடித்து நின்ற அந்த ஒல்லிப் பையனின் உடம்பில் உடுப்பு தொளதொளவென்று தொங்கியது. அக்குளில் துணி. தொடையில் துணி. கால் பிரியும் இடம் இருக்க வேண்டிய இடத்துக்கு நாலு விரல் கீழே.

"மாரிச்சாமி! அந்த உடுப்பைப் பாத்தியா? எவ்வளவு தாராளமா விட்டிருக்கான்!"

"ஆமா பாய். துணி கூட இருந்தா காத்து அடியில புடிச்சுத் தூக்குமாம். இங்கிலீஷ்காரன் சொல்றான்."

இருபது வருஷமாக அவர் காத்திருந்த செய்தி இது. பர்கத்துல்லா எழுந்து நின்று கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் ஒரு தடவை, பர்மியத்தில் ஒரு தடவை அறிவித்தார். தளர்வாகத் தைத்தால்தான் மனிதன் பறப்பான், இதோ வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான். கோ சான் வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படின்னா நீங்க தைச்சுக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு நான் இத்தனை நாள் தரையில நடந்ததே தப்பு, ஊ பர்கத்" என்றார், பர்மிய மரியாதை குறையாமல். கடையே கொல்லென்று சிரித்தது. பர்கத்துல்லா அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

அந்த ஒல்லிப் பையனுக்கு அவர் முருங்கைக்காய் என்று பெயர் வைத்தார். எந்த நாட்டுக்காரன், உண்மைப் பெயர் என்ன என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த உடுப்பைத் தைத்தவன் தன் ஜாதி, அது போதும். ரங்கூனில் ஜனவரிக் குளிர் என்பது காலையில் தலைக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குக் கழற்றிவிடுகிற குளிர். பனியைக் கையால் தொட்டவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில் ஜெர்மனிப் பறப்பு வரும்போது, கால்பந்துக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முன்வரிசை நாற்காலியில் பர்கத்துல்லா இருந்தார். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கத்துகிற முதல் குரல் அவருடையது.

அன்றைக்கு முருங்கைக்காய் பறந்த பறப்பைச் சொல்லி மாளாது. இருநூறைத் தாண்டி, இன்னும் தாண்டி, பனியில் பட்டும் படாமல் இறங்கினான். டிவியில் ஓடிய பட்டியலில் அவன் பெயர் உச்சிக்குப் போனது. பர்கத்துல்லா எல்லாருக்கும் ஒரு லப்பெயே சொன்னார். தேநீர் வருவதற்குள் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை.

"எங்கே போனான்?"

மாரிச்சாமி எழுத்தைக் கூட்டிப் படித்தார். முகம் சுருங்கியது. "தூக்கிட்டாங்க பாய். உடுப்பு அளவுக்கு மேல பெருசாம். உடம்பளவுக்கு மேல இத்தனை சென்டிமீட்டர்தான் இருக்கலாம்னு சட்டமாம். அதுக்கு மேல இருந்தா பறந்தது கணக்குல வராதாம்."

டிவியில் ஒரு அறையைக் காட்டினார்கள். ஒரு அதிகாரி குனிந்து, கையில் டேப்போடு, ஒரு பையனின் தொடையில் துணியைக் கிள்ளிப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். பர்கத்துல்லாவுக்குக் கோபம் வந்தது. பறந்தவன் அவன், துணியா பறந்தது என்றார். பொறாமை என்றார். அப்புறம் தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"மாரிச்சாமி, அதைத் தைச்சவன் இன்னிக்கு வீட்டுல எப்படிச் சோறு தின்பான்?"

மாரிச்சாமி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பர்கத்துல்லாவுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது முருங்கைக்காய் முகமும் இல்லை, அந்த ஊர்த் தையல்காரன் முகமும் இல்லை. கடை வாசலில் காஜா ஊசியை எடுத்து எடுத்து வைத்த மகளின் கைதான் தெரிந்தது. நல்ல மனசோடு விட்ட துணிதான். அதனால் என்ன, போட்டுக்கொண்டவர் தலை குனிய வேண்டியதாகிவிட்டதே.

மறுநாள் காலை அலமாரி மேல்தட்டிலிருந்து சாம்பல் துணியை இறக்கினார். மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று தைப்பது, அதுவும் அளவாக, நூலளவு பிசகாமல். யாரிடமும் சொல்வதில்லை. தைத்து முடித்து மகள் முன்னால் வைப்பது, வேண்டாம் என்றால் மடித்து உள்ளே வைத்துவிடுவது. ஹுஸ்னா ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் அளவு? மாப்பிள்ளையைக் கூப்பிட்டு டேப் வைத்தால் ரகசியம் அன்றைக்கே பசுந்தாங்குக்குப் போய்விடும். அளவுச் சட்டை ஒன்று கேட்டு வாங்கினாலும் அதே கதிதான்.

தொழில் தெரிந்தவன் மூளை சும்மா இருக்குமா? பர்கத்துல்லா தன் வெள்ளை ஜிப்பாவின் இடது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அங்குலத்துக்கு ஒரு வண்ணமாகச் சின்னச் சின்ன நூல் முடிச்சு போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் முஜிபுர் ரஹ்மான் ஸலாம் சொல்லிக் கை நீட்டினான். பர்கத்துல்லா கையை விட்டுவிட்டு ஆளையே கட்டிப் பிடித்தார். இரண்டு கையையும் முதுகைச் சுற்றிக் கொண்டுபோய், வலது கை விரல் இடது கையில் எந்த முடிச்சைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டார். பச்சை. மார்பு முப்பத்தேழு.

நிச்சயமாக இருக்க வேண்டாமா? அடுத்த வெள்ளி மறுபடியும் தழுவினார், இந்தத் தடவை இன்னும் இறுக்கி. நீலம். முப்பத்தெட்டு. அவருக்குக் குழப்பமாக இருந்தது. மூன்றாவது வெள்ளி ஓடிப்போய்த் தழுவினார். மஞ்சள். முப்பத்தொன்பது! அதற்குள் பள்ளிவாசல் முழுக்கப் பேச்சாகிவிட்டது. இப்படி மாப்பிள்ளை மேல் உயிரை வைத்திருக்கும் மாமனாரை இந்தப் பக்கத்தில் கண்டதில்லை என்று பெரியவர்கள் நெகிழ்ந்தார்கள். முஜிபுர் ரஹ்மான் மட்டும் நாலாவது வெள்ளி பின்வாசல் வழியாகப் போய்விட்டான். விலா எலும்பு அவனுடையது அல்லவா?

மார்பு வாரம் ஒரு அங்குலம் ஏறுவதன் மர்மம் மாரிச்சாமி மூலம் விளங்கியது. கல்யாணம் நிச்சயமானதிலிருந்து சித்தப்பா வீடு, மாமா வீடு, அத்தை வீடு என்று முறை வைத்து மாப்பிள்ளைக்கு விருந்து. போகிற வீட்டிலெல்லாம் டான்பௌக் பிரியாணி, மறுத்தால் மனத்தாங்கல். இந்த வேகத்தில் போனால் மார்ச் கடைசியில் நாற்பத்தைந்து. முன்பாக இருந்தால் பர்கத்துல்லா சந்தோஷமாக ஆறு அங்குலம் விட்டு வெட்டியிருப்பார். இப்போது அவர் அளவாகத் தைக்கச் சபதம் எடுத்த ஆள். அளவு ஓடுகிறது என்றால் அளவைத்தானே நிறுத்த வேண்டும்?

பஸ் பிடித்துப் பசுந்தாங் போனார். ரஹீமாவின் மசாலாக் கடையில் மல்லித்தூள் வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து, நலம் விசாரித்து முடித்துவிட்டு, "சம்பந்தி, ஒண்ணு சொல்லணும், எனக்கு ஆனாடேயா இருக்கு" என்றார். அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கிறோமே என்கிற கூச்சத்துக்குப் பர்மியர்கள் சொல்கிற வார்த்தை அது. அதைச் சொல்லிவிட்டு ரங்கூனில் நல்ல சேதி சொன்னவர் யாருமில்லை.

"சொல்லுங்க சம்பந்தி."

"மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."

ரஹீமா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க?"

"கல்யாணம் வரைக்கும்தான். டிவியில பாத்தேன், பறக்குறவங்கல்லாம் ஒரு முட்டை, அரை ஆப்பிள், அதோட நிறுத்திக்கிறாங்களாம். ஒரு சுத்து பெருத்தாலும் பறக்க முடியாதாம்."

"என் மகன் எங்கே பறக்கப் போறான்? உங்க மகளைக் கட்டிக்கத்தானே போறான்?"

பர்கத்துல்லா கோட்டைப் பற்றி வாய் திறக்க முடியாமல், "அதுக்கில்ல சம்பந்தி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அவர் வீடு வந்து சேருவதற்குள் ரஹீமாவின் டெலிபோன் வந்து சேர்ந்துவிட்டது.

ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும். கீழே கிளிப்பு, மேலே மணி. பத்திரிகையும் சாப்பாடும் அதில் ஏறி இறங்கும். பர்கத்துல்லாவின் மனைவி ஃபக்ருன்னிசா மூன்றாம் மாடியிலிருந்து தன் கணவரிடம் பேசுவதும் பெரும்பாலும் அந்தக் கயிற்றின் வழியாகத்தான். ஒரு உலுக்கு என்றால் சோறு ரெடி. அன்றைக்குக் கயிற்றை உலுக்கிய உலுக்கலில் பக்கத்து வீட்டுக் காக்கைகள் பறந்தன.

"என் மகன் தின்னுற சோத்தை எண்ணுறவங்க வீட்டுல அவன் எப்படிக் கை நனைப்பான்னு கேக்குறாங்க!" பால்கனியிலிருந்தே தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார் ஃபக்ருன்னிசா. "தேதியை யோசிச்சுச் சொல்றோம்னு சொல்றாங்க! உங்களை யாரு அங்கே போகச் சொன்னது?"

தேதியை யோசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. பர்கத்துல்லா மாடி ஏறத் தைரியமில்லாமல் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஹுஸ்னா இறங்கி வந்தாள். அழுதிருந்தாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏன் அத்தா? சாப்பாட்டுல உங்களுக்கு என்ன வந்தது?"

பர்கத்துல்லா எழுந்து, மூலையில் தொங்கிய பழைய போர்வையை விலக்கினார். வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்ட சாம்பல் கோட்டு தொங்கியது. ஒரு கை இன்னும் ஒட்டவில்லை.

"நீ வேணாம்னு சொன்னதை மீறித் தைக்கணும்னு இல்லம்மா. என்னால அளவா தைக்க முடியுமான்னு பாத்தேன். உனக்குப் புடிக்கலேன்னா உள்ளேயே இருக்கட்டும்."

ஹுஸ்னா கோட்டின் தோளை விரலால் தடவிப் பார்த்தாள். "அவரு அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஜிப்பாக் கையை நீட்டிக் காட்டினார். பச்சை, நீலம், மஞ்சள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். அழுத கண்ணோடு இஸ்திரி மேஜையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதான் அவரு விலா வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுக்கிறாராம்" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ் ஏறப் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிப்பது வழக்கமில்லை. ஃபக்ருன்னிசா பால்கனியிலிருந்து கூப்பிட்டதும் அவள் காதில் விழவில்லை. ரஹீமாவிடம் அவள் என்ன பேசினாள் என்பது தெரியாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ரஹீமா மகனையும் கூட்டிக்கொண்டு இருபத்தேழாம் தெருவுக்கு வருவதாகச் சேதி வந்தது. கோட்டைப் பார்த்துவிட்டுத் தேதியைப் பற்றிப் பேசலாம் என்றாராம்.

அந்த ஞாயிறுதான் பிளானிட்சாவின் கடைசி நாள். பர்கத்துல்லா இரண்டு மாதமாகக் காத்திருந்த நாள். மூன்றரை மணிக்கு எதிர்க்கடையில் டிவி அலறத் தொடங்கியபோது, அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, முஜிபுர் ரஹ்மானுக்குக் கோட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஹுஸ்னா பசுந்தாங்கிலிருந்து வாங்கி வந்த அளவுச் சட்டையை டேப்பால் அளந்து, இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்த கோட்டு. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரஹீமா சுற்றி வந்தார். முதுகை இழுத்துப் பார்த்தார். தோளைக் கிள்ளிப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார். அவன் குனிந்தபோது பர்கத்துல்லா கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் கிழியவில்லை. ஆனால் வயிற்றுப் பட்டன் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நின்றது.

"பாய்! இருநூத்திப் பத்து!" தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து மாரிச்சாமியின் குரல்.

"யாரு அது?" என்றார் ரஹீமா.

"ஒண்ணுமில்ல சம்பந்தி. ஸ்லோவேனியா."

ரஹீமா மகனை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். புருஷன் இறந்தபின் மசாலா இடித்து வளர்த்த பிள்ளை. அவன் தோள் இவ்வளவு நேராக இருக்கும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வயித்துல ஒரு அங்குலம் விட்டுடவா சம்பந்தி?" என்றார் பர்கத்துல்லா. கேட்கும்போதே அவர் கை பிரிக்கிற கத்தரிக்கோலைத் தேடிவிட்டது. பழக்கம் எங்கே போகும்?

"கோட்டைத் தொடாதீங்க" என்றார் ரஹீமா. "நான் டான்பௌக்கை நிறுத்திடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ஆக வேண்டியதைப் பாருங்க."

முஜிபுர் ரஹ்மான் பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய கருத்தை யாரும் கேட்கவில்லை. மேலே போய்த் தேநீர் குடித்துவிட்டு அவர்கள் கிளம்பும்போது, பர்கத்துல்லா வழியனுப்பக் கையை விரித்துக்கொண்டு கிட்டே வந்தார். மாப்பிள்ளை இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று ஸலாம் சொன்னான்.

எதிர்க்கடையில் கால்பந்துக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாரிச்சாமி தெருவைக் கடந்து வந்து சேதி சொன்னார். முருங்கைக்காய் பதினோராவதாம். "ஆனா பாய், பேரு கடைசி வரைக்கும் பட்டியல்ல அப்படியே இருந்தது" என்றார். பர்கத்துல்லா தலையை ஆட்டினார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைக்குள் ஹுஸ்னா கோட்டை ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். வேலை முடிந்த பின்னும் மேலே போகாமல் நின்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தா."

"அப்படியா?"

"எனக்குத்தான் பொறாமையா இருக்கு." சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். "நேத்து வந்த மாப்பிள்ளைக்கு அளவாத் தைச்சுட்டீங்க. எனக்கு இருபத்திமூணு வயசு. புதுசா இருக்கும்போதே எனக்குப் பொருந்தின சட்டைன்னு ஒண்ணுகூட நான் போட்டதில்ல. பொருந்தி வர்றதுக்குள்ள சாயம் போயிடும்."

பர்கத்துல்லா இதற்கும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். வாயில் வந்தது எப்போதும் வருகிற வார்த்தைதான். "வளர்ற பிள்ளையாச்சேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. அவரைவிட அரை சாண் உயரமாக எதிரே நின்றாள் அவள்.

"நிக்காஹ் சட்டைத் துணி மேலே இருக்கு" என்றாள் ஹுஸ்னா. "அம்மாகிட்ட வேற இடத்துல கொடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க அளவெடுங்க."

அவர் டேப்பை எடுத்தார். கழுத்தில் போட்டார், மறுபடியும் எடுத்தார். நோட்டையும் பென்சிலையும் அவளிடமே கொடுத்தார். அவள் கையைத் தளரவிட்டு நேராக நின்றாள். டேப்பின் நுனியை அவள் தோள் எலும்பில் வைத்தார். ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை இழுத்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"பதினாலு."

ஹுஸ்னா எழுதினாள். இருபது வருஷமாக அவர் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தில் பென்சிலை நோட்டிலிருந்து எடுக்காமல் கேட்டாள்: "கூட எவ்வளவு அத்தா?"

தெருவில் ஆட்டம் தொடங்கிவிட்டது. எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். பர்கத்துல்லா டேப்பை அவள் தோளிலிருந்து எடுத்தார்.

"ஒண்ணும் கூட வேணாம்மா" என்றார். "நீ வளர்ந்துட்ட."

அவள் பதினாலை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த அளவுக்காக மெதுவாகக் கையைத் தூக்கினாள்.